அழிப்பதற்கு முன் ஒரு வரி

நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய கணினி, காலையில் வந்து பார்த்தால் முறைத்துக்கொண்டு நிற்கிறது. யாரும் தொடவில்லை. பிரின்டர் வேலை செய்யவில்லை, அல்லது சத்தம் வரவில்லை, அல்லது திரையே வரவில்லை. எல்லாருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும். அப்போது மனசு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நேற்று இருந்த மாதிரியே இதைத் திருப்பி வைக்க முடியாதா?

முடியும் என்று சொல்லும் வசதி விண்டோஸ் கணினிகளில் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பெயர் சிஸ்டம் ரெஸ்டோர். தேடிப்பிடித்துத் திறந்தால், பாதிப் பேருடைய கணினியில் அது அணைந்து கிடக்கும். இயக்குவது இரண்டு நிமிட வேலை. இயக்கிவிட்டு, ‘சரி, நேற்றுக்குப் போ’ என்றால் மட்டும் போகாது. மீட்புப் புள்ளி எதுவும் இல்லை என்று கையை விரித்துவிடும்.

இயக்கியாகிவிட்டது. பிறகு ஏன் நேற்று கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், கணினி எதை நினைவில் வைக்கும், எதை வைக்காது என்பது முழுக்கப் பிடிபட்டுவிடும்.

எடைமேடையில் ஒரு காலை

ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாகப் போகும் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பது வடசென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் வண்டிகள் ஒரு பக்கம். எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிறவை இன்னொரு பக்கம். ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் எடை சரிபார்த்த சீட்டு வேண்டும். 2016 ஜூலை 1 முதல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சீட்டு இல்லாத பெட்டி கப்பலில் ஏறாது. பெட்டியின் எடையைத் தவறாகச் சொல்லி, அடுக்கு சரிந்து, கப்பல்கள் ஆபத்தில் மாட்டிய பிறகு வந்த விதி அது.

அந்தச் சாலையோரத்தில் ஓர் எடைமேடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி மேடையில் ஏறினால், அடியில் இருக்கும் உணரிகள் எடையை ஒரு சின்னக் காட்டிப் பெட்டிக்கு அனுப்பும். அதிலிருந்து ஒன்பது ஊசி கொண்ட சீரியல் கேபிள் கணினிக்கு வரும். இப்போதைய கணினிகள் பலவற்றில் அந்த ஒன்பது ஊசித் துளை கிடையாது. ஆகவே, ஒரு முனையில் ஒன்பது ஊசி, மறுமுனையில் யுஎஸ்பி என்று ஒரு மாற்றுக் கேபிளைச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கி மாட்டியிருப்பார்கள். அந்தக் கேபிளின் தலைக்குள் ஒரு சில்லு. அதனுடன் பேசுவதற்குக் கணினிக்குள் ஒரு டிரைவர் நிரல்.

காலை ஆறு மணி. முதல் டிரெய்லர் மேடையில் ஏறுகிறது. காட்டிப் பெட்டியில் 28,460 கிலோ என்று சிவப்பாக எரிகிறது. கணினித் திரையில் பூஜ்ஜியம். “அண்ணே, சீட்டு?” என்று கிளீனர் பையன் எட்டிப் பார்க்கிறான். பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

என்ன நடந்தது? ராத்திரி கணினி தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. அதில் அந்தக் கேபிளின் டிரைவரும் புதிதாக மாறிவிட்டது. இது கற்பனைக் காட்சிதான், ஆனால் காரணம் கற்பனை இல்லை. இத்தகைய கேபிள்களில் மிகப் பரவலான பிஎல்2303 என்ற சில்லை உருவாக்கியது தைவானின் புரொலிஃபிக் நிறுவனம். அதன் பழைய வகைகளைப் போலவே போலிகளும் சந்தையில் ஏராளம். அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர்கள் பழைய சில்லுகளோடும் போலிகளோடும் பேச மறுக்கும்படியே எழுதப்பட்டவை. பழைய டிரைவர் இருந்தவரை ஓடிய அதே கேபிள், புதியது வந்ததும் ஊமையாகிவிடும்.

கேபிளைக் கழற்றி மாட்டுகிறார்கள். கணினியை அணைத்துப் போடுகிறார்கள். ஊதிக்கூடப் பார்க்கிறார்கள். டிரைவரை மட்டும் பின்னால் தள்ள ஒரு பொத்தான் உண்டு. அது சில நேரம் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். கடைசியில் ஒருவர் சொல்கிறார்: “நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருப்பா.”

ஏலக் கணக்கும் ஓர நோட்டும்

நேற்று இருந்தபடி வைக்க, நேற்று எப்படி இருந்தது என்பது எங்காவது எழுதியிருக்க வேண்டும். முழுக் கணினியையும் தினமும் நகலெடுத்து வைத்தால் ஒரே வாரத்தில் வட்டு நிரம்பிவிடும். இதைத் தவிர்க்கக் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் காசிமேடு வரைக்கும் போய்வந்தால் போதும்.

மீன் ஏலத்தில் கணக்கு எழுதும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு பேரேடு. 100 வரிகள், வரிக்கு ஒரு வியாபாரி. பாக்கித்தொகையைப் பென்சிலில் எழுதியிருக்கிறார். பணம் வந்தால் பழையதை ரப்பரால் அழித்துவிட்டுப் புதுத்தொகை எழுதுவார். பேரேட்டில் எப்போதும் இன்றைய நிலை மட்டுமே இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் முதலாளி வந்து சொல்கிறார்: “இந்த நிமிஷம் கணக்கு எப்படி இருக்கோ, அது எனக்குப் பிறகு வேணும்.” நூறு வரியையும் உட்கார்ந்து நகலெடுக்க நேரமில்லை, படகுகள் வந்துகொண்டிருக்கின்றன. கணக்கெழுதுபவர் புத்திசாலி. ஒரு ஓர நோட்டை எடுத்து, ‘திங்கள், காலை 4 மணி’ என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறார்.

அன்று முதன்முதலாக ஏழாம் வரியை மாற்ற வேண்டி வருகிறது. பாக்கி 4,500, புது நிலவரம் 5,200. ரப்பரை வைப்பதற்கு முன் ஓர நோட்டில் ஒரு வரி குறிக்கிறார்: ‘7 – 4,500.’ பிறகுதான் பேரேட்டில் அழித்து எழுதுகிறார். மத்தியானம் அதே ஏழாம் வரி 3,000 ஆகிறது. இந்தமுறை ஓர நோட்டைத் தொடவே இல்லை. முதலாளி கேட்டது காலை நாலு மணி நிலவரம். அது ஏற்கெனவே நோட்டில் ஏறிவிட்டது. இப்படி நாள் முடியும்போது ஆறு வரிகள்தாம் மாறியிருக்கின்றன. ஓர நோட்டிலும் ஆறே வரிகள்.

சாயங்காலம் முதலாளி வந்து காலைக் கணக்கைக் கேட்கிறார். ஓர நோட்டில் இருக்கும் ஆறு வரிகளை அங்கிருந்து படிக்கிறார் கணக்கெழுதுபவர். மீதி 94 வரிகளைப் பேரேட்டிலிருந்தே படிக்கிறார், அவை மாறவே இல்லையே. நூறு வரிக் கணக்கு ஆறு வரிச் செலவில் திரும்பக் கிடைத்துவிட்டது.

கணினிக்குள் நடப்பதும் அச்சாக இதேதான். பேரேடு என்பது வட்டு. விண்டோஸ் அதை 16 கிலோபைட் துண்டுகளாகப் பார்க்கிறது. தலைப்புப் போட்ட அந்தக் கணத்துக்கு மீட்புப் புள்ளி என்று பெயர். அழிப்பதற்கு முன் பழைய துண்டை ஓரமாக எழுதிவைக்கும் ஏற்பாட்டை நிழல் நகல் என்கிறார்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சிஸ்டம் ரெஸ்டோர் இந்த நிழல் நகலை நம்பித்தான் இயங்குகிறது.

ஆரம்பக் கேள்விக்கு விடை இப்போது தெரிந்திருக்கும். ஓர நோட்டு இல்லாமல் திங்கட்கிழமை முழுக்க அழித்து எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை புது நோட்டு வாங்கினால் திங்கள் கணக்கு அதில் எப்படி வரும்? அழித்தது அழிந்ததுதான். அந்த எடைமேடைக் கணினியில் இன்று காலை ஆறரைக்கு வசதியை இயக்கினால், இன்று காலை ஆறரைக்குப் பிறகு நடப்பதை மட்டுமே அது நினைவில் வைக்கும். அதுவும், கெட்டுப்போன டிரைவரோடு இருக்கும் நிலையை.

இன்னொரு கொடுமையும் உண்டு. இயக்கத்தில் இருப்பதை நாமாக அணைத்தால், அதுவரை சேர்ந்த மீட்புப் புள்ளிகள் அத்தனையும் அழிக்கப்படும். ஓர நோட்டைக் கிழித்துப்போட்ட மாதிரி. ‘கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்’ என்பவரின் நோட்டும் வெற்று நோட்டுதான்.

நோட்டு செய்யாதவை

இந்த ஓர நோட்டு உவமையைக் கையில் பிடித்துக்கொண்டால் இன்னும் சில விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

பேரேடே தண்ணீரில் நனைந்துபோனால் ஆறு வரி நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 94 வரிகள் போயே போய்விட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலியிலும் எண்ணூரிலும் புகுந்தபோது, தண்ணீரோடு எண்ணெய்ப் படலமும் சேர்ந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரைக்கும் பரவியது. அப்படியொரு தண்ணீருக்குள் மூழ்கிய வட்டில் மீட்புப் புள்ளி எத்தனை இருந்தாலும் ஒன்றுதான். நோட்டும் பேரேடும் ஒரே பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. இதைக் காப்புநகல் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே பரிதாபம் வரும்.

நோட்டில் பக்கங்களும் குறைவு. நாம் ஒதுக்கும் இடம் நிரம்பினால் மிகப் பழைய புள்ளி முதலில் தூக்கி எறியப்படும். இடம் இருந்தாலும் காலக்கெடு உண்டு: 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு ஒரு புள்ளியை அதிகபட்சம் 60 நாட்களே வைத்திருக்கும். போன தீபாவளிக்குத் திரும்பிப் போகலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.

அடுத்து, சிஸ்டம் ரெஸ்டோர் திருப்பி வைப்பது கணினியின் உள்வேலைகளை மட்டும்: டிரைவர்கள், நிரல்கள், அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி. நீங்கள் எழுதிய கடிதம், பேத்தியின் புகைப்படம், எக்செல் கணக்கு ஆகியவற்றில் அது கைவைக்காது. இது நல்லது, டிரைவரைத் திருத்தப்போய் நேற்று எழுதிய கடிதம் காணாமல்போகாது. அதே காரணத்தால் கெட்டதும்கூட. நேற்று தவறி அழித்த கடிதம் இதனால் திரும்பாது.

வட்டுக்கு வெளியே நடந்ததும் நோட்டில் ஏறாது. 2014 அக்டோபரில் இதற்கு ஒரு விசித்திர உதாரணம் கிடைத்தது. இதே யுஎஸ்பி மாற்றுக் கேபிளுக்கான இன்னொரு வகைச் சில்லைச் செய்யும் ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனம், விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பியது. அது போலிச் சில்லைக் கண்டால் சில்லுக்குள்ளேயே இருக்கும் அடையாள எண்ணை பூஜ்ஜியமாக மாற்றி எழுதிவிட்டது. கேபிள் எந்தக் கணினிக்கும் அடையாளம் தெரியாத அநாதை ஆனது. கணினியை எத்தனைமுறை பின்னோக்கி ஓட்டினாலும் பயனில்லை, மாற்றம் நடந்தது கேபிளுக்குள். பெரிய கூச்சல் எழுந்து அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி செய்தவனை விட்டுவிட்டு, அது போலி என்றே தெரியாமல் வாங்கியவனைத் தண்டித்த வேலை அது என்பது என் கட்சி.

அணைத்தது யார்?

பெரும்பாலும் யாரும் இல்லை. விண்டோஸ் 10 வெளிவந்த 2015 முதல், பல கணினிகளில் இந்த வசதி பிறக்கும்போதே அணைந்த நிலையில்தான் வருகிறது. சின்ன வட்டு உள்ள மலிவுக் கணினிகளில் இடத்தை மிச்சம் பிடிப்பதே அதன் தர்க்கம்.

சில கணினிகளில் அணைத்தது பழைய பழக்கம். எக்ஸ்பி காலத்தில் வைரஸ் புகுந்தால், சிஸ்டம் ரெஸ்டோரை அணைத்துவிட்டு வைரஸை நீக்குங்கள் என்று வைரஸ் தடுப்பு நிறுவனங்களே சொல்லிவந்தன. காரணம் நியாயமானதுதான்: வைரஸின் நகலும் மீட்புக் கோப்புறைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். நீக்கிய பிறகு மறுபடி இயக்குங்கள் என்றும் அதே குறிப்பில் இருந்தது. குறிப்பின் முதல் பாதி ஊர் முழுக்கப் பரவியது. இரண்டாம் பாதி பரவவில்லை. கணினி வேகமாக ஓட எதையெல்லாம் அணைக்கலாம் என்று பட்டியல் போடும் பரிகாரக்காரர்களும் இதை விட்டுவைக்கவில்லை. அலுவலகக் கணினியில் நிர்வாகியே பூட்டி வைத்திருப்பதும் உண்டு.

இன்னொரு வகை ஆளும் இருக்கிறார்.

திருடனுக்கும் தெரியும்

கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கும் தீய நிரலைப் பணயநிரல் என்று சொல்லலாம்; செய்தித்தாள்கள் ரேன்சம்வேர் என்கின்றன. 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை அதில் பேர்போனது. ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் அதில் அடிபட்டது. அந்த நிரல் கோப்புகளைப் பூட்டியதோடு நிற்கவில்லை. நிழல் நகல்கள் அனைத்தையும் சத்தமில்லாமல் அழி என்று விண்டோஸுக்கே உத்தரவிட்டது; கணினி கிளம்பாதபோது தானாக எழுந்துவரும் மீட்புத் திரையையும் அணைத்தது. இரண்டுமே விண்டோஸில் நிர்வாகிகளுக்கென்று இருக்கும் சாதாரணக் கட்டளைகள்தாம். உள்ளே வந்த திருடன் பீரோவைத் திறந்ததோடு விடாமல் ஓர நோட்டையும் தேடிப்பிடித்துக் கொளுத்தியிருக்கிறான்.

கொளுத்தாவிட்டாலும் நோட்டு ரொம்ப நேரம் தாங்கியிருக்காது. பேரேட்டின் நூறு வரியையும் ஒருவன் மளமளவென்று அழித்து எழுதினால் ஓர நோட்டிலும் நூறு வரி எழுத வேண்டும். பக்கம் தீர்ந்துவிடும்.

2021 செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைமைச் செயலகத்திலேயே, தமிழக அரசின் பொதுத்துறைக் கணினிகளைப் பணயநிரல் பூட்டியது. கேட்கப்பட்ட தொகை 1,950 டாலர், கிரிப்டோ நாணயத்தில். இந்த நிரல்களுக்கு அரசாங்கம், ஆலை, எடைமேடை என்ற பேதமெல்லாம் கிடையாது.

கானாவில் கரன்ட் போன நாள்

துறைமுகத்துக்காரர்கள் மறக்க முடியாத தேதி 2017 ஜூன் 27. நாட்பெட்யா என்ற நிரல் அன்று டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைச் சாய்த்தது. நவி மும்பையில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையம் கணினி இல்லாமல் கையால் வேலை பார்க்க வேண்டி வந்தது. நாட்பெட்யா பணயநிரல் வேஷம் போட்டதே தவிர, காசு கொடுத்தாலும் திருப்பிக் கொடுக்க அதனிடம் சாவி இல்லை.

மெர்ஸ்கிடம் பல கணினிகளுக்குக் காப்புநகல் இருந்தது. ஒன்றே ஒன்றுக்கு இல்லை: யார் யார் எந்தக் கணினிக்குள் போகலாம் என்ற பட்டியலைக் காக்கும் தலைமைக் கணினிகள். உலகம் முழுக்க அவை சுமார் 150 இருந்தன. ஒன்றில் மாறினால் மற்றதிலும் மாறும்படி அவை ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டிருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்ற நம்பிக்கை. 150 பேரேடும் ஒரே நாளில் எரியும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் பிழைத்தது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்த அந்தக் கணினி, தாக்குதல் வந்த நேரத்தில் மின்வெட்டினால் அணைந்து கிடந்தது! இணையம் வழியாக அதை அனுப்ப வேகம் போதவில்லை. அங்கிருந்த ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் வட்டைத் தூக்கிக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் சக ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். அதை வைத்துத்தான் மெர்ஸ்க் எழுந்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவினார்கள். மின்வெட்டைத் திட்டித் திட்டியே வளர்ந்த நமக்கு, அது ஒரு கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றிய கதை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

கானாவின் கணினி செய்த காரியத்தை ஒரு சாதாரண பென் டிரைவ் செய்யும், வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்தால். மாட்டியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

இனி இயக்குவோம்

இவ்வளவு குறைகளையும் சொல்லிவிட்டு ஏன் இயக்கச் சொல்கிறேன்? அந்த எடைமேடைக் காலையை நினைத்துப் பாருங்கள். வெள்ளமும் இல்லை, திருடனும் இல்லை. ஒரு டிரைவர் மாறியிருக்கிறது, அவ்வளவே. அன்றாடம் நடக்கும் கோளாறுகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஆறு வரி நோட்டே தாராளம். முந்தைய நாள் மீட்புப் புள்ளி ஒன்று இருந்திருந்தால், டீ ஆறுவதற்குள் இல்லாவிட்டாலும் அரைமணி நேரத்திலாவது பழைய டிரைவர் திரும்பியிருக்கும். திரும்பியதும் அப்டேட்டைச் சில நாள் நிறுத்திவைக்க வேண்டும். இல்லையென்றால் ராத்திரி மறுபடியும் அதே டிரைவர் வந்து உட்காரும். அதற்குள் நல்ல கேபிள் ஒன்று வாங்கிவிடலாம்.

செய்முறை இது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ‘ரெஸ்டோர் பாயின்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ என்று ஒரு வரி வரும். அதைத் திறந்தால் ‘சிஸ்டம் புரொடெக்‌ஷன்’ பக்கத்தில் உங்கள் வட்டுகளின் பெயரும், பக்கத்தில் ‘ஆன்’ அல்லது ‘ஆஃப்’ என்றும் இருக்கும். விண்டோஸ் இருக்கும் ‘சி’ வட்டைத் தேர்ந்தெடுத்து, ‘கான்ஃபிகர்’ பொத்தானை அழுத்தி, ‘டர்ன் ஆன்’ என்பதைக் குறியிடுங்கள். கீழே இடம் ஒதுக்க ஒரு நகர்த்தி இருக்கும். 256 ஜிபி வட்டில் 5 சதவீதம் வைத்தால் ஏறத்தாழ 13 ஜிபி, போதும். பொத்தான்கள் மங்கி இருந்தால் நிர்வாகி பூட்டியிருக்கிறார் என்று அர்த்தம், அவரிடம்தான் கேட்க வேண்டும்.

பாதிப் பேர் இங்கேயே சாளரத்தை மூடிவிடுவார்கள். அப்படி மூடினால் நோட்டு வாங்கியாயிற்று, தலைப்புப் போடவில்லை. விண்டோஸ் தானாகவும் புள்ளி வைக்கும், ஆனால் அதன் நேரத்துக்கு வைக்கும். அதே பக்கத்தில் ‘கிரியேட்’ என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில், முடிந்தால் இன்றைக்கே, அதை அழுத்துங்கள். ஒரு பெயர் கேட்கும். எடைமேடைக்காரர் என்றால் ‘எடை சரியாக வருகிறது’ என்றே எழுதலாம். தேதியையும் நேரத்தையும் அதுவே போட்டுக்கொள்ளும்.